ஆரம்ப ஜெபம்

வேதமாணிக்கம் ஐயா ஆரம்பித்துவிட்டார். அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோகப் பிதாவே என்று அந்தத் தொண்டை திறந்தால் ஆமென் வந்து சேரப் பதினோரு நிமிஷம் ஆகும். தபால் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் முத்திரை குத்தின மனிதர். ஜெபத்திலும் ஒவ்வொரு பெயராக எடுத்து, பார்த்து, குத்தி, பைக்குள் போட்ட பிறகுதான் அடுத்த பெயருக்குப் போவார். நான் கண்ணை மூடிவிட்டேன். இறுக்கி மூடக்கூடாது, இறுக்கினால் நடிப்பு என்று தெரியும். தூங்குகிறவன் மாதிரியும் இருக்கக்கூடாது, அது அதைவிட மோசம். லேசாக மூடி, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, இரண்டு கையையும் மேஜைமேல் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி கோத்து வைத்திருக்கிறேன். பார்க்கிறவன் பார்க்கட்டும், இந்தக் கை எங்கேயும் போகவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருவது இதுதான்: சனிக்கிழமை ஜெபத்தில் கண்ணைத் திறக்காதே பொன்சிங், கையை அவிழ்க்காதே, ஆமென் வரைக்கும் கல்லாக இரு. லேப்டாப்பில் சின்னச் சின்னக் கட்டமாக இருபத்துமூன்று முகங்கள். எல்லாம் என்னைப்போல நாற்பதைத் தாண்டிய மாணவர்கள்தான். போதகர் பெண்சாதிகள் நாலு பேர், ஒரு உபதேசியார், மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கிற பெனினா, பேரன் பேத்தி எடுத்த வேதமாணிக்கம் ஐயா. வீட்டில் இருந்தபடியே படித்து ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்லப்போகிற கூட்டம். கேமரா போட்டால்தான் வருகைப்பதிவு. மைக்கை அணைத்து வைக்க வேண்டும். ஜெபமில்லாமல் பாடம் தொடங்காது. கிறிஸ்தவக் கல்லூரி ஆகையால் இந்த மூன்றும் சட்டம். மூன்றையும் நான் மீறியதே இல்லை. மீறாமல் இருந்ததால்தான் மாட்டிக்கொண்டேன். இல்லை, மாட்டவில்லை. மாட்டினேன் என்று யார் சொன்னது? கண்ணை மூடு.

தேசத்தின் தலைவர்களுக்காக ஜெபிக்கிறார். முதல் முத்திரை. இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. இந்த ஆளின் குரல்வளையில் என் கட்டைவிரல் எங்கே போய் அமுங்கும் என்றுகூட எனக்குத் தெரியும், அந்த எலும்புக்குக் கீழே, சின்னப் பள்ளத்தில். நான் கெட்டவன் இல்லை. உடற்கல்வி ஆசிரியன். உடம்பில் எந்த இடம் எதற்கு என்று படித்தவன். இருபத்திரண்டு வருஷமாக ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து மைதானத்தில் என் விசிலுக்கு ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் ஒரே காலை எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த விசில் இன்னொருத்தன் வாயில் இருந்த நாளில்தான் எனக்குச் சனியன் பிடித்தது. போன ஆகஸ்டு, வட்டாரப் போட்டி, பெண்கள் கோகோ. எங்கள் பிள்ளை தொட்டது மைதானத்துக்கே தெரிந்தது, நடுவர் மட்டும் தொடவில்லை என்றான். அவனிடம் நடந்து போனது எனக்கு ஞாபகம் இல்லை. சத்தம்தான் ஞாபகம். நல்ல அறைக்கு ஒரு சத்தம் உண்டு, ஈரத்துணியைக் கல்லில் அடித்தாற்போல. அது கேட்டால்தான் கை சரியாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். விசில் அவன் வாயைவிட்டுத் தெறித்து, சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம். அந்த நேரத்தில் எனக்குள் என்ன இருந்தது என்று கேட்டால், சந்தோஷம். கலப்படமில்லாத சந்தோஷம். உள்ளங்கை சுட்டது. அந்தச் சூட்டுக்காகவே... சரி, விடு. தாளாளர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டும்பாங்க, ஒமக்கு அந்த மட்டுகூட இல்லையேவே பொன்சிங். அடுத்த ஜூனுக்குள்ள ஆலோசனைப் படிப்பு சர்ட்டிபிகேட்டோட வாரும், இல்லன்னா ராஜினாமாவோட வாரும். நடுவுல ஒரே ஒரு புகார் வந்தாலும் எதையும் கொண்டு வரண்டாம், வீட்டுலயே இரும்." நாற்பத்தொன்பது வயசில் விசிலைப் பிடுங்கிவிட்டால் நான் யார்? வேட்டி கட்டின ஒரு ஆள், அவ்வளவுதான். அதனால் படிக்கிறேன். கோபம் வந்தால் பத்து வரை எண்ணுங்கள் என்று கிறிஸ்டபெல் மேடம் பாடம் நடத்துகிறார். நானும் எண்ணிப் பார்த்திருக்கிறேன். மூன்றில் கை போய்விடுகிறது.

மிஷனரிகளுக்காக, வடதேசத்தில் ஊழியம் செய்கிறவர்களுக்காக. அடுப்படியில் பாத்திரம் இடிபடுகிறது. வந்துவிடாதே ஜெபசீலி. மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே சொல்லிவிட்டேன். "ஏட்டி, அஞ்சு மணி வரைக்கும் இந்தப் பக்கம் காலெடுத்து வைக்காத." அவள் தட்டை வழித்துக்கொண்டே, "டீ?" என்றாள். "டீயும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்." "சரிங்க." இந்தச் சரிங்க இருக்கிறதே, இருபத்துநாலு வருஷமாகக் கேட்கிறேன், அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கல்லைத் தூக்கிப் போட்டால் சத்தம் வராத கிணறு மாதிரி ஒரு சரிங்க. போன சனிக்கிழமையும் இதே நாற்காலி, இதே ஐயா, இதே ஜெபம். காலையில் மைதானத்தில் வெயில் என்னைக் காய்ச்சி எடுத்திருந்தது, மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வேறே. ஜெபம் ஏழாவது நிமிஷத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் ஜெபத்தில் இருந்தேன். ஜெபத்தில்தான் இருந்தேன். அவள் டீ கொண்டுவந்து நோட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள், டம்ளர் கிணுங்கியது, தோளில் இரண்டு விரல் பட்டது, காதோரமாக அவள் மூச்சு. ஏதோ சொன்னாள். முழுசாகக் கேட்கவில்லை, "எல்லாரும் பாப்பாங்க" என்ற கடைசி வார்த்தை மட்டும். எல்லாரும் கண்ணை மூடியிருக்கிற நேரத்தில் எவன் பார்ப்பான் என்ற நினைப்பு வந்ததா, வந்தபிறகு கை போனதா, கை போனபிறகு நினைப்பு வந்ததா? புறங்கை. கண்ணைத் திறக்கவில்லை நான். அவள் முகம் எங்கே இருக்கும் என்று என் கைக்குத் தெரியும், இருட்டில் சுவிட்சைத் தேடாமல் தட்டுகிற மாதிரி. சத்தம் சரியாக வந்தது. டம்ளர் கவிழ்ந்து டீ என் முழங்காலில் வழிந்தது, சுட்டது, அதற்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை. மைக் அணைந்திருக்கிறது. எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். ஐயா அப்போது விதவைகளுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் ஆமென் என்று உதட்டை அசைத்தேன்.

எங்கள் அப்பா அப்படித்தான். சர்ச்சில் மணியடிக்கிற வேலை அவருக்கு. கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் என்றால் ஏழு மணிக்கு எல்லாரும் முழங்காலில் நிற்க வேண்டும். அம்மா, நான், இரண்டு தங்கச்சிகள், சிமெண்டுத் தரையில், மூட்டு எரிய எரிய. எவன் தலை ஆடுகிறதோ அவன் உச்சியில் நடுவிரல் முட்டி இறங்கும். ஜெபம் அறுபடாது. ஆண்டவரே உம்முடைய கிருபைக்காக, ணங், நன்றி செலுத்துகிறோம். வார்த்தையும் குட்டும் ஒரே வாயிலிருந்து வருவது போலவே இருக்கும். அம்மாவுக்குக் குட்டு கிடையாது, அவளுக்கு முதுகில். அடியாத மாடு படியாது என்பார் ஆமென் சொன்ன கையோடு. கண்ணை மூடிக்கொண்டே இவருக்கு எப்படித் தெரிகிறது, யார் தூங்குகிறார் என்று? ஆண்டவர் காட்டிக் கொடுக்கிறார் என்று நாங்கள் நம்பினோம், தங்கச்சி மெய்யாகவே நம்பினாள், ஆண்டவர் மேலேயே அவளுக்குக் கோபம். ஒன்பது வயசில் ஒரு நாள் நான் ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்தேன். அப்பா கண் திறந்திருந்தது. முழுசாக, பெரிசாக, என்னையே பார்த்துக்கொண்டு. வாய் பாட்டுக்கு ஜெபித்தது, கண் பாட்டுக்கு என்னைப் பார்த்தது. அன்றைக்கு வாங்கின அடியில் மூக்கு உடைந்தது. ஜெபத்தில் கண்ணைத் திறப்பியா, திறப்பியா என்று கேட்டு கேட்டு அடித்தார். நான் அழவில்லை. ரத்தம் நாக்கில் பட்டபோது ஒன்று தெரிந்துகொண்டேன்: ஜெபத்தில் கண்ணை மூடியிருக்கிறவன் அடிபடுகிறவன். ஆனாலும் அவரைவிட நான் நல்லவன். நான் பார்த்து அடிக்கிறவன் இல்லை.

வியாதியஸ்தர்களுக்காக. ஆறாவது நிமிஷமாக இருக்கும். பதிவு வந்தது செவ்வாய்க்கிழமை. வகுப்புக்கு வர முடியாதவர்களுக்காக ஒவ்வொரு வகுப்பையும் பதிவு செய்து வாட்சப் குழுவில் போடுவார்கள், அது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் ஜெபம் முடிந்தபிறகுதான் மேடம் பட்டனை அமுக்குவார். ஜெபம் பாடமா என்ன? அதையா ஒருத்தன் திருப்பிப் போட்டுப் பார்ப்பான்? எப்போதும் ஒரு மணி நாற்பது நிமிஷம் இருக்கும் பதிவு, அன்றைக்கு ஒரு மணி ஐம்பத்துமூன்று என்று காட்டியது. மூன்றாம் பீரியட், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கைப்பந்துக்கு விட்டுவிட்டு மைதானத்துச் சுவர் நிழலில் நின்று அந்த எண்ணைப் பார்த்தேன். மேடத்துக்குக் காய்ச்சல், அன்றைக்குப் பொறுப்பு வகுப்புத் தலைவி பெனினாவிடம், அவள் வந்ததும் வராததுமாகப் பட்டனை அமுக்கியிருக்கிறாள். ஓட்டிப் பார்த்தேன். மேல்வரிசை, வலப்பக்கம் இரண்டாவது கட்டம், கீழே பொன்சிங் என்று பெயர். இருபத்துமூன்று பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். என் தலை ஆடுகிறது. ஆடி, தாழ்ந்து, வாய் திறந்து, எச்சில்கூட... ஜெபத்தில் இருந்தேன் என்றா சொன்னேன்? தூங்கியிருக்கிறேன். மாடு மாதிரித் தூங்கியிருக்கிறேன். சேலை ஒன்று உள்ளே வருகிறது, டம்ளரை வைக்கிறது, குனிகிறது. பதிவை நிறுத்தி நிறுத்தி அவள் உதட்டைப் பார்த்தேன். தூங்குறீங்க, எல்லாரும் பாப்பாங்க. அவ்வளவுதான் அவள் சொன்னது. என் மானத்தைக் காப்பாற்ற வந்திருக்கிறாள், கழுதை. பிறகு அந்தக் கை. அது என்னுடையது போலவே இல்லை. தூங்குகிறவன் உடம்பிலிருந்து ஒரு கை மட்டும் எழுந்து, வேலையை முடித்துவிட்டு, திரும்பி வந்து படுத்துக்கொள்கிறது. அவள் தலை பக்கவாட்டில் போய் ஃபிரிட்ஜ் கதவில் இடிக்கிறது. முந்தானையால் மேஜையைத் துடைக்கிறாள். முதலில் மேஜை, பிறகு என் முழங்கால், கடைசியாகத் தன் காது. துடைத்துவிட்டு நிமிர்கிறபோது ஒரு விநாடி நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். அந்த ஒரு விநாடியை நான் எத்தனை தடவை பார்த்தேன்? பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள், சார் பந்து சார், பந்து என் காலடியில் வந்து கிடந்தது. உதைத்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் ரோட்டில் போய் விழுந்தது.

சும்மா இருந்திருக்க வேண்டும். யார் உட்கார்ந்து ஜெபத்தை ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள்? பாடம் எங்கே தொடங்குகிறது என்று தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். நான் என்ன செய்தேன், குழுவில் எழுதினேன். புதன்கிழமை காலையில், நல்ல தமிழில், யோசித்து யோசித்து: ஜெபம் பரிசுத்தமான காரியம், ஆண்டவருக்கும் நமக்கும் நடுவே உள்ளது, அதைப் பதிவு செய்து வைப்பது தகாது, ஆகவே முதல் பதினோரு நிமிஷங்களை நீக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மனசுக்குள் என்னையே மெச்சிக்கொண்டேன், மூளை இருக்கிறதய்யா உனக்கு என்று. அரைமணியில் வேதமாணிக்கம் ஐயாவின் குரல் செய்தி. "தம்பி பொன்சிங், என் ஜெபத்துல ஏதும் பிழை இருக்கா? நா எதாவது தப்பா சொல்லிட்டேனா? இருந்தா சொல்லுங்க தம்பி, வயசாயிட்டு, திருத்திக்கிடுதேன். நானே ஒருதரம் முழுசாப் போட்டுக் கேக்கேன்." கிழவனுக்கு மனசு புண்பட்டுவிட்டது. உடனே போதகர் பெண்சாதிகள் நாலு பேரும், பிழை ஒன்றும் இல்லை ஐயா, நாங்களும் இப்போதுதான் மறுபடி கேட்கிறோம், கண்ணீர் வந்துவிட்டது ஐயா என்று. உபதேசியார், நானும் கேட்கிறேன் என்று. ஒவ்வொருத்தராக உட்கார்ந்து, அந்தப் பதினோரு நிமிஷத்தை, கிழவனைச் சமாதானப்படுத்துவதற்காக. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நானே போய்த் தமுக்கடித்திருக்கிறேன். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முட்டினேன், குளியலறையில், இரண்டு தடவை. ஆனால் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குமேல் குழுவில் ஒரு செய்தியும் இல்லை. காலையில் வசனம் போடுகிறவர்கள் போடவில்லை, கைகூப்பு போடுகிறவர்கள் போடவில்லை. நேற்று பெனினா எனக்கு மட்டும் தனியாக எழுதினாள்: எடுத்தாச்சு. எப்போதும் அண்ணே என்று எழுதுகிற பெண், அண்ணே விட்டுப்போயிருந்தது, அவசரத்தில் விட்டிருப்பாள், மஸ்கட்டில் டூட்டி நேரமாக இருக்கும். ஆக நான் ஜெயித்தேன். எடுத்தாச்சு. அப்படி ஒன்று இல்லை. இன்றைக்கு வகுப்பில் நுழைந்ததும் ஸ்தோத்திரம் என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை, எல்லாருக்கும் மைக் அணைந்திருந்தது. மேடம் மட்டும், ஐயா ஜெபம் பண்ணுவார் என்றார். அவ்வளவுதான். என்னைப் பார்த்துச் சொன்னதாக ஏன் தோன்றவேண்டும்?

வேலையில்லாதவர்களுக்காக, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காக. பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அவளும் அங்கே கண்ணை மூடி நின்றுகொண்டிருப்பாள், லேப்டாப்பில் யார் ஜெபித்தாலும் அடுப்படியில் நின்று ஆமென் போடுகிற ஆள். இன்றைக்கு மூன்று மணிக்கு லேப்டாப்பைத் திறந்து வகுப்புக்குள் நுழைத்துக் கொடுத்ததும் அவள்தான். எனக்கு அந்தப் பொத்தான்கள் சரிப்படாது. சத்தத்தை உச்சத்துக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஏன் என்று எனக்குத் தெரியும். போன சனிக்கிழமையிலிருந்து இடது காதில் அவளுக்கு ஏதோ இரைகிறது, கூப்பிட்டால் வலது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னங்க?" என்கிறாள். அந்தத் திருப்பலைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்லிக் காட்டுகிறாள் வாயைத் திறக்காமல். மகள் இதைத்தான் சொன்னாள் போன கிறிஸ்மசுக்கு வந்தபோது, அம்மாவுக்கு வாய் இல்லன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்கப்பா. அன்றைக்கு அவளுக்கும் ஒன்று கொடுத்தேன். பெங்களூரில் இருக்கிறாள், நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அம்மாவுக்குப் பேசுகிறாள். என் கட்டுரைகளை டைப் அடித்துக் கொடுத்ததும் ஜெபசீலிதான், ஆசிரியப் பயிற்சி முடித்தவள், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை, நான் விடவில்லை. நான் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். போன மாசக் கட்டுரை, குடும்ப வன்முறையில் ஆலோசகரின் பங்கு. நான் நாலு வரி சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் எட்டுப் பக்கம் முடித்து வைத்திருந்தாள். படித்துப் பார்க்காமல் அனுப்பினேன். இருபதுக்குப் பத்தொன்பது. உங்கள் கட்டுரை என்னை உலுக்கிவிட்டது, இதை எப்படி இவ்வளவு அருகிலிருந்து எழுதினீர்கள் என்று மேடம் எழுதியிருந்தார். எட்டுப் பக்கத்தில் அவள் என்ன எழுதினாள்? நான் அதை இன்னும் படிக்கவில்லை. ஏன் படிக்கவில்லை? கண்ணை மூடு, பொன்சிங். ஒன்பதாவது நிமிஷம். இன்னும் இரண்டு.

ஐயா நிறுத்திவிட்டார். முடியவில்லை, ஆமென் வரவில்லை, நடுவில் நின்றுவிட்டார். அந்த முத்திரைக் கை நடுவில் நின்று இதுவரை நான் கேட்டதில்லை. மூச்சு மட்டும் ஸ்பீக்கரில் வந்து போகிறது. பிறகு, "ஆண்டவரே, இந்த நேரத்துல எங்க மக ஜெபசீலிய உம்ம சமுகத்துல வைக்கிறோம்," என்கிறார். என்ன? யார் பெயர்? முதல் வகுப்பில் எல்லாரும் அறிமுகம் செய்துகொண்டபோது மனைவி ஜெபசீலி என்று ஒரே ஒரு தடவை சொன்னேன், அதையா இந்தக் கிழவன் எடுத்து வைத்திருந்தான்? என் பெண்சாதி பெயரை எடுக்க இவன் யார்? ஒன்று. அடுப்படியில் ஏதோ கீழே வைக்கப்படுகிறது, மெதுவாக. வராதே. பெயரைக் கேட்டுவிட்டாள். இரண்டு. வருகிறாள். ஈரக்கால் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம், ஃபிரிட்ஜைத் தாண்டி, என் நாற்காலிக்குப் பின்னால். வராதே என்றேனே, அஞ்சு மணி வரைக்கும் காலெடுத்து வைக்காதே என்றேனே, சரிங்க என்றாளே. வெங்காய வாசனை. மூச்சு. என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறாள், அந்த முகம் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிகிறது, கோத்து வைத்த விரல்கள் அவிழ்கின்றன, நான் அவிழ்க்கவில்லை, அவை அவிழ்கின்றன, கை மேஜையை விட்டு எழுந்துவிட்டது, மூன்று, "நீர் பார்த்தீர் ஆண்டவரே," என்கிறார் ஐயா, குரல் உடைகிறது, "கண்ண மூடிக்கிட்டு இருந்தோம் நாங்க, மன்னியும். இப்ப நாங்களும் பாத்துட்டோம்."

கண்ணைத் திறந்தேன். ஜெபம் நடந்துகொண்டிருக்கிறது, ஒருவரும் கண்ணை மூடியிருக்கவில்லை. இருபத்துமூன்று கட்டத்திலும் கண்கள் திறந்திருக்கின்றன. போதகர் பெண்சாதிகள் நாலு பேர், தலையில் முக்காடு, நேரே பார்க்கிறார்கள். உபதேசியார் பார்க்கிறார். கிறிஸ்டபெல் மேடத்தின் கண் சிவந்திருக்கிறது. பெனினா நர்ஸ் உடுப்பில், வாயைக் கையால் பொத்திக்கொண்டு, இமைக்காமல். வேதமாணிக்கம் ஐயா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிசாகத் திறந்த கண்ணால் என்னைப் பார்த்தபடியே ஜெபிக்கிறார். ஜெபத்தின் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கிறார்களா? ஒன்பது நிமிஷமாக நான் மட்டுமா மூடியிருந்தேன்? என் கட்டத்தைப் பார்த்தேன். ஒரு ஆள் கையை ஓங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஒரு பெண், கைத் துடைப்புத் துணியோடு. அவள் ஒதுங்கவில்லை. இந்தக் கையை நான் என்ன செய்வது? கீழே போட்டால் அடிக்க ஓங்கினதாகிவிடும். அதனால் இன்னும் உயர்த்தினேன், ஆராதனையில் உயர்த்துகிற மாதிரி, உள்ளங்கையை மேலே விரித்து, முகத்தை அண்ணாந்து, ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று உதட்டை அசைத்தேன். யாரும் அசையவில்லை. தோள்பட்டை வலிக்கிறது. ஆமென் என்றார் ஐயா. இருபத்திரண்டு உதடுகள் அசைந்தன, ஒரு சத்தமும் வரவில்லை, எல்லா மைக்கும் அணைந்திருக்கிறது. சத்தமாக வந்த ஆமென் என் காதோரத்தில், ஜெபசீலியுடையது. அவள் என்னைப் பார்க்கவில்லை. துணியை என் நோட்டுப் புத்தகத்தின்மேல் வைத்தாள். ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது காதை லேப்டாப்புக்குத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டி, தேடாமல், மைக் பொத்தானை அமுக்கினாள்.

"ஸ்தோத்திரம் ஐயா. நான்தான் ஜெபசீலி. அந்தக் கட்டுரை எழுதினதும் நான்தான்."